காது கேட்கிறது என்று ஒரு தீர்மானம்

இந்தப் பக்கம் உட்காருங்கள், இடது பக்கம். அந்தப் பக்கம் உட்கார்ந்தால் நீங்கள் என்னோடு பேசுவதும் சுவரோடு பேசுவதும் ஒன்றுதான். வலது காதை முகத்துக்கு அழகாக இருக்கட்டும் என்று வைத்திருக்கிறேன். இடதில் பேச்சு விழும், அதுவும் கிட்ட வந்து பேசினால்.

உங்களுக்கு என்ன டோக்கன்? இருபத்திரண்டா? எனக்குப் பதினேழு. இப்போது ஒன்பதுதான் உள்ளே போயிருக்கிறது. அம்மாவுக்குக் காது மெஷின் வாங்க வந்தீர்களா? நல்ல காரியம். இங்கே உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் காது கேட்க வேண்டும் என்று வந்திருக்கிறார்கள். நான் ஒருவன்தான், எனக்குக் காது கேட்காது என்று எழுதி வாங்கிப்போக வந்திருக்கிறேன். இது இரண்டாம் தடவை. போன வாரம் வந்தேன். பாஸாகிவிட்டேன்.

சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள். எங்கள் ஊரில் எல்லாரும் சிரித்து முடித்துவிட்டார்கள்.

எனக்கு ஊர் வாகைநேரி. இங்கிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். பேர் பிரம்மநாயகம். எங்கள் ஊர் வெண்கல மணி வார்க்கிற ஊர். கோயில் மணி, தேர் மணி, பூஜை மணி எல்லாம். பதினான்கு பட்டறை, பதினான்குக்கும் சேர்த்து ஒரு சங்கம். சங்கக் கட்டடத்தின் முன் ஹாலில் குறுக்கே ஒரு இரும்பு உத்திரம், அதில் ஒரு கொக்கி. இரண்டு கிலோவுக்கு மேல் எந்த மணியானாலும் ஊரை விட்டுப் போகும் முன் அந்தக் கொக்கியில் ஏற வேண்டும். வார்த்தவரே மரக் கொட்டாப்புளியால் மூன்று அடி அடிப்பார். எதிரே ஒரு நாற்காலி போட்டிருக்கும். அதில் ஒருவர் உட்கார்ந்து கேட்பார். நாதம் சரியாக இருந்தால் மணியின் தோளில் மீன் முத்திரை குத்துவார். சரியில்லை என்று தலையாட்டினால், வார்த்தவரே சம்மட்டியை எடுத்து, அத்தனை பேர் முன்னாலும் அந்த மணியை உடைக்க வேண்டும். வேறு ஆள் உடைக்கக் கூடாது. உலோகம் திரும்ப உலைக்குப் போய்விடும். அவமானத்தை உருக்க முடியாது, அது தெருவிலேயே கிடக்கும். ஒரு வருஷத்தில் ஒரே பட்டறையின் மணி மூன்று உடைந்தால் அந்தப் பட்டறைக்குச் சங்கத்தில் இடமில்லை. சங்கத்தில் இடமில்லை என்றால் முத்திரை இல்லை. மீன் இல்லாத மணியை எங்கள் பக்கத்துக் கோயில்களில் கையால் தொட மாட்டார்கள்.

அந்த நாற்காலியில் பதினோரு வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான். நாதம் பார்ப்பவர் என்று பேர். நாதம் பார்ப்பவர் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கக் கூடாது, அதனால் என் பட்டறையை விற்றுவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அவ்வளவு ஆசை.

மணியில் அடிக்கிற சத்தம் ஒன்றுமே இல்லை. தகர டப்பாவை அடித்தாலும் சத்தம் வரும். அடங்குகிற சத்தம்தான் மணி. அடித்து நிறுத்திய பிறகு ஒரு ரீங்காரம் இழுத்துக்கொண்டே போகும். உள்ளே மயிரிழை விரிசல் இருந்தால், காற்றுக் குமிழ் இருந்தால், அது நடுங்கும். பிறகு பாதியில் அறுந்துபோகும். அந்த இடத்தைப் பிடிக்கத்தான் நாற்காலி.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாதம். வரிசையாக ஒன்பது மணியை உடைக்க வைத்தேன். எல்லா மணியிலும் அடித்த சத்தம் வருகிறது, இழுக்கிற சத்தம் வரவில்லை. ஊரில் எல்லாருக்கும் ஒரே மாதத்தில் கை கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினேன். பிறகு வெள்ளீயத்தில் கலப்படம் என்று சங்கத்தில் அரை மணி நேரம் பேசினேன். கை தட்டினார்கள். ஈய வியாபாரியை மாற்றினார்கள். புது ஈயத்திலும் மணி செத்தே கிடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை வீட்டில் என் மனைவி பகவதி பூஜை மணியை ஆட்டினாள். என் அப்பா வார்த்த மணி, நான் பிறந்ததிலிருந்து கேட்கிற மணி. அதுவும் செத்துக் கிடந்தது. அப்போதுதான் ஈயத்தின் மேல் குற்றமில்லை என்று புரிந்தது.

அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் என்றால், கோயில் கொடைத் திருவிழாவில் இரண்டாவது மாலை எனக்கு. பஸ்ஸில் ஏறினால் ஒருவர் எழுந்து இடம் கொடுப்பார். டீக்கடையில் என் கிளாஸை இரண்டு தடவை கழுவுவார்கள். இவ்வளவுதான். ஒரு மனிதன் ஏழு வருஷம் பொய் சொல்ல இது போதுமா என்று கேட்டால், போதும். எனக்குப் போதுமாக இருந்தது.

அதனால் வேறு வழி கண்டுபிடித்தேன். மணி வார்த்தவனுக்குத் தன் மணி தெரியும். சங்கத்துக்குக் கொண்டுவரும் முன் பட்டறையில் நூறு தடவை தட்டிப் பார்த்திருப்பான். கேட்க வேண்டியது மணியை அல்ல, பார்க்க வேண்டியது அவன் முகத்தை. கொம்பையா என்று எங்கள் சங்கச் செயலாளர், பெரிய பட்டறைக்காரன். அவனுக்குத் தொண்டை முடிச்சு துருத்திக்கொண்டிருக்கும். மணி சரியில்லை என்றால் மூன்றாவது அடிக்குப் பிறகு அது ஒரு தடவை ஏறி இறங்கும். இன்னொருவன் காதைச் சொறிவான். இன்னொருவன் கூரையைப் பார்ப்பான். நான் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு ஏதோ நாதத்தில் மூழ்கிப்போனவன் மாதிரி உட்கார்ந்து, இமை இடுக்கு வழியாகத் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஐம்பத்தெட்டு வயதில் ஒரு புதுத் தொழில்.

முதல் மூன்று வருஷம் அருமையாகப் போயிற்று. பிறகு பார்த்தால் யார் தொண்டையும் ஏறவில்லை, யாரும் காதைச் சொறியவில்லை. எல்லாரும் சிரித்த முகமாக அடித்துவிட்டு நிற்கிறார்கள். நாற்காலியில் நானிருக்கிற பயத்தில் ஊரே திருந்திவிட்டது என்று நினைத்தேன். பகவதியிடம்கூடப் பெருமையாகச் சொன்னேன். அவள் என் இடது பக்கம் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் அவள் எப்போதும் என் இடது பக்கம்தான். உட்கார்ந்தாலும், நடந்தாலும், பஸ்ஸில் வந்தாலும். கல்யாணமான புதிதில் இந்த ஒட்டுதல் கிடையாது. வயதானால் பாசம் கூடும் போலிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எதிர் பெஞ்சில் பாருங்கள், பச்சைச் சேலை, மடியில் ஃபைல். அவள்தான் சண்முகவடிவு. எனக்கு மருமகள் முறை. புருஷன் மூன்று வருஷத்துக்கு முன்னால் மஞ்சள்காமாலையில் போய்விட்டான். அவன் இருந்தபோதே களிமண் அச்சும் மெழுகும் அவள் கைதான். உருக்கி ஊற்றுவது மட்டும் அவன். போன வருஷத்திலிருந்து அதையும் அவளே செய்ய ஆரம்பித்தாள். ஆவணியில் அவள் பேரில் முதல் மணி கொக்கியில் ஏறியது. ஹால் நிறைய ஆம்பிளைகள். எல்லாரும் அவளையே பார்க்கிறார்கள். மூன்று அடி அடித்தாள். நான் முகத்தைப் பார்த்தேன். வேர்த்துக் கொட்டுகிறது, உதடு துடிக்கிறது, கொட்டாப்புளி பிடித்த கை ஆடுகிறது. கீறல் என்று முடிவு கட்டினேன். தலையாட்டினேன். சம்மட்டியை எடுத்து உடைத்தாள்.

கார்த்திகையில் இரண்டாவது. இந்தத் தடவை முகம் இன்னும் மோசம். நான் தலையாட்டினதும் என் பக்கத்தில் வந்தாள்.

"மாமா, இன்னொரு தடவ அடிக்கேன். கேளுங்க."

"நாதத்த ரெண்டு தடவ பாக்கப்பிடாதும்மா" என்றேன். அப்படி ஒரு விதியே கிடையாது. அந்த நிமிஷத்தில் நானே போட்டுக்கொண்ட விதி.

அதையும் உடைத்தாள். உடைந்த துண்டு ஒவ்வொன்றையும் குனிந்து எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரிசலைத் தேடுகிறாள் என்று நினைத்தேன். தேடினாள்தான். கிடைக்கவில்லை என்பதுதான் அவளுக்குக் கிடைத்தது.

மாசி கடைசியில் மூன்றாவது மணி. ஒரு சாஸ்தா கோயிலுக்குப் பதினெட்டுக் கிலோ மணி, பங்குனி உத்திரத்துக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். இது உடைந்தால் பட்டறை முடிந்தது என்று எல்லாருக்கும் தெரியும். அவள் வந்தாள். முகத்தைப் பார்க்கிறேன், கல்யாண வீட்டில் நிற்கிறவள் மாதிரி சிரிக்கிறாள்.

"என்னம்மா, இன்னைக்குச் சிரிப்பாணி பலமா இருக்கு?"

"மணி நல்லா வந்திருக்கு மாமா."

மூன்று அடி அடித்தாள். சிரிப்பு மாறவில்லை. எனக்கும் சந்தோஷம், சொந்தக்காரப் பெண் பிழைத்துக்கொண்டாள் என்று. எழுந்துபோய் மீன் முத்திரையை ஒரே அடியில் பதித்தேன். நிமிர்ந்தால் அவள் கையில் சம்மட்டி.

"ஏம்மா, அது பாஸாயிட்டும்மா!"

"தெரியும் மாமா" என்று சொல்லிவிட்டு ஓங்கிப் போட்டாள்.

இரண்டாகப் பிளந்தது. உள்ளே ஒரு பொந்து. என் கட்டைவிரல் போகும். அந்தத் துண்டைத் தூக்கிவந்து என் மடியில் வைத்தாள்.

"வெளிய இருந்து பாத்தாலே விரிசல் தெரியும் மாமா. மெழுகு வச்சு அடைச்சுக் கரியப் பூசிக் கொண்டாந்தேன். சத்தம் ஓட்டச் சட்டி மாதிரி கேட்டுச்சு. வாசல்ல நின்ன ஆடுகூடத் திரும்பிப் பாத்துச்சு. நீங்க மணியக் கேக்கல. என் மூஞ்சியப் பாக்கிய."

ஹாலில் மூச்சுச் சத்தம் இல்லை. இருந்திருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது.

எல்லாரும் என் மேல் பாய்வார்கள் என்று எதிர்பார்த்தேன். பாய்ந்தார்கள், அவள் மேல். அன்று சாயங்காலமே அவசரக் கூட்டம். சம்பந்தப்பட்டவர் என்று சொல்லி அவளை வெளியே நிற்க வைத்தார்கள். என்னையும் வெளியே நிறுத்துவார்கள் என்று எழுந்தேன். கொம்பையா என் கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

"அண்ணாச்சி காதப் பத்திப் பேசுதது நம்ம மீனப் பத்திப் பேசுதது" என்றான். "ஏழு வருசத்துல எத்தன கோயில்ல நம்ம மணி தொங்குது? நானூறுக்குக் கொறையாது. அண்ணாச்சிக்குக் கேக்கலன்னு ஆச்சுன்னா நம்ம சட்டப்படி அவரு சொன்ன தீர்ப்பு ஒண்ணும் செல்லாது. அத்தனையையும் எறக்கிக் கொண்டாந்து திரும்பத் தட்டிப் பாக்கணும். பாப்பமா? யாரு மணிய மொதல்ல எறக்க? உம்ம மணியவா? எம் மணியவா?"

அப்போது அவன் தொண்டையைப் பார்த்தேன். நாலு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக அந்த முடிச்சு ஏறி இறங்கியது. திரும்பி மற்றவர்களைப் பார்த்தேன். ஒருவன் காதைச் சொறிந்தான். ஒருவன் கூரையைப் பார்த்தான். ஊர் திருந்தியதற்குக் காரணம் எனக்கு அந்த நிமிஷத்தில் விளங்கியது. அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. நான் அவர்கள் முகத்தைப் பார்த்து மணியைக் கண்டுபிடித்தேன். அவர்கள் என் முகத்தைப் பார்த்து என்னைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். செவிட்டு நாற்காலி அவர்களுக்கு வசதியாக இருந்திருக்கிறது.

தீர்மானம் எழுதினார்கள். "நாதம் பார்ப்பவர் திரு. பிரம்மநாயகம் அவர்களுக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்று இக்கூட்டம் ஏகமனதாகத் தீர்மானிக்கிறது." பதிமூன்று பட்டறை, பதிமூன்று கை. எல்லாரும் தூக்கினார்களே என்று நானும் தூக்கிவிட்டேன். இந்தக் கை இருக்கிறதே, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது தீர்மானம், சண்முகவடிவு பட்டறையை நீக்குவது. "அது முத்திர வாங்கின மணில்லா?" என்று என் இடது பக்கமிருந்த ஒரு ஆள் கேட்டார். "முத்திர வாங்கினா என்ன வே, ஒடஞ்சுதா இல்லையா? மூணு ஒடஞ்சாச்சு" என்றான் கொம்பையா. நீக்குவதற்கு நாதம் பார்ப்பவர் கையெழுத்து வேண்டும். பேனாவை நீட்டினார்கள். படித்துப் பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்று மினிட்ஸ் புத்தகத்தை வீட்டுக்குத் தூக்கிவந்துவிட்டேன். அன்றைக்கு எனக்கிருந்த வீரம் அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் புத்தகத்தோடு அவள் பட்டறைக்குப் போனேன். சமாதானம் சொல்லலாம் என்றுதான். உள்ளே சாஸ்தா கோயிலுக்கென்று அவள் வார்த்த உண்மையான மூன்றாவது மணி தொங்குகிறது, முந்தின நாள் உடைத்தது எனக்காகவே கெடுத்து வார்த்தது. பதினெட்டுக் கிலோ.

"நான் இதுல கையெழுத்துப் போடலன்னா ஊருக்குள்ள தல காட்ட முடியாதும்மா" என்றேன்.

"கொக்கியில கைய வைங்க மாமா."

"எதுக்கு?"

"வைங்க."

மணியைத் தொட்டால் சத்தம் செத்துவிடும். மேலே கொக்கியைத் தொட்டால் சாகாது. வைத்தேன். ஒரே ஒரு அடி அடித்தாள். காதில் 'டங்' என்று பாதி விழுந்தது, அவ்வளவுதான். ஆனால் உள்ளங்கையில் அது நின்றது. எறும்பு ஊர்கிற மாதிரி ஆரம்பித்து, மெலிந்து, நடுங்காமல், அறாமல் போய்க்கொண்டே இருந்தது. மனதுக்குள் எண்ணினேன். அந்த எடைக்கு முப்பது எண்ணும்வரை நின்றால் நல்ல மணி. நாற்பத்தாறு எண்ணினேன். ஏழு வருஷம் அந்த நாற்காலிக்கு நாலடி தூரத்தில் ஒரு கொக்கி இருந்தது. தொட்டால் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று தொடவே இல்லை.

"ஒடச்ச ரெண்டும் இப்படித்தான் இருந்துச்சா?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"ரெண்டாவது இப்படித்தான். மொதல்லது இதவிட ஒசத்தி."

அங்கேயே உட்கார்ந்து, அவளிடம் பேனா வாங்கி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் எழுதினேன். "எனக்குக் காது கேட்காது. ஏழு வருஷமாகக் கேட்காது. பிரம்மநாயகம்." எழுதியதும் நெஞ்சு லேசாகிவிட்டது என்று கதைகளில் எழுதுவார்கள். எனக்கு அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்றுதான் தோன்றியது.

கொம்பையா அதை வாசித்துவிட்டுக் கோபப்படவில்லை. "அண்ணாச்சி, கேக்குதுன்னு சங்கமே தீர்மானம் போட்டாச்சு. நீங்க தனியாளா நின்னு கேக்கலன்னா எப்படி? டாக்டர் சர்ட்டிபிகேட் கொண்டாங்க, பாப்போம்" என்றான். ஐந்தாம் கிளாஸ் படித்தவன். மூளையைப் பாருங்கள்.

அப்படித்தான் போன வாரம் இங்கே வந்தேன், தனியாக. சின்ன ரூம், நடுவில் கண்ணாடி. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், காதில் ஹெட்போன். அந்தப் பக்கம் ஒரு பெண், முன்னால் மெஷின். ஹெட்போனை மாட்டிவிடும்போது இடது காதோரம், "சத்தம் கேட்டா கையத் தூக்குங்க ஐயா, ரொம்பச் சின்னதாக் கேட்டாலும் தூக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சத்தியமாக ஒன்றும் கேட்கவில்லை. நான் செய்ய வேண்டியதெல்லாம் சும்மா உட்கார்ந்திருப்பது. ஆனால் பட்டனை அமுக்குகிறபோது அந்தப் பெண் கீழுதட்டை லேசாகக் கடித்தாள். கண்டுபிடித்துவிட்டேன். அவள் கடிக்கிறாள், என் கை எழுகிறது. கடிக்கிறாள், எழுகிறது. ஒன்றுகூடத் தவறவில்லை. பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்குகிறவன் மாதிரி எனக்குள் ஒரு குஷி.

"ஒங்க வயசுக்கு இந்தக் காது தங்கம் ஐயா" என்றாள். நான் சர்ட்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டே வெளியே வந்து, ஒரு ஸ்பெஷல் காபி குடித்து, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து, ஜன்னலோரச் சீட் பிடித்து உட்கார்ந்த பிறகுதான், எதற்காக வந்தோம் என்பது ஞாபகம் வந்தது.

அந்தச் சர்ட்டிபிகேட்டைக் கிழித்துப் போட்டிருக்கலாம். கொம்பையா கேட்டான், மறைக்க முடியவில்லை என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். அது பொய். நானேதான் காட்டினேன். டீக்கடையில் வைத்துக் காட்டினேன். இப்போது அது கண்ணாடி போட்டுச் சங்க ஹாலில், கொக்கிக்கு நேர் எதிரே தொங்குகிறது.

சண்முகவடிவு அழவும் இல்லை, திட்டவும் இல்லை. "அடுத்த வாரம் நானும் வாறேன் மாமா" என்றாள். பங்குனி உத்திரத்துக்கு இன்னும் பதினோரு நாள். இன்றைக்கு நான் ஃபெயிலானால் என் தீர்ப்பெல்லாம் ரத்து, அவள் பட்டறை நிற்கும், வேறு ஆள் உட்கார்ந்து அந்த மணிக்கு மீன் குத்துவார்கள். நாற்காலி போகும். மாலை போகும். நானூறு மணியும் இறங்கும். ஒவ்வொரு கோயிலாகப் போய் நான்தான் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டியிருக்கும். பாஸானால் எல்லாம் பழையபடி இருக்கும், அவள் ஒருத்தியைத் தவிர.

அவள் முகத்தை ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள். என் மேல் நம்பிக்கை இருக்கிற மாதிரியா தெரிகிறது? எனக்கு ஆவணியிலும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. பஸ்ஸில் வரும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "உள்ள போனதும் துண்டால கண்ணக் கட்டிக்கிடுங்க மாமா."

என்ன? பதினேழா? கூப்பிட்டுவிட்டார்களா? இல்லை, எனக்குக் கேட்கவில்லை. நீங்கள் அந்தக் கதவைப் பார்த்தீர்கள், பிறகு என் கையிலிருக்கிற டோக்கனைப் பார்த்தீர்கள், உங்கள் புருவம் மேலே போனது. எனக்கு அது போதும். பார்த்தீர்களா, இந்தப் புத்தியை வைத்துக்கொண்டு நான் எப்படி உள்ளே போவது?

இந்தத் துண்டைப் பிடியுங்கள். பின்னால் ஒரு முடிச்சுப் போடுங்கள். இன்னும் இறுக்கமாக. உள்ளே போய்க் கட்டிக்கொள்ளத்தான் அவள் சொன்னாள். வேண்டாம், இங்கேயே கட்டிவிடுங்கள். கதவிலிருந்து நாற்காலிவரை பத்தடி நடக்க வேண்டும். அந்தப் பத்தடிக்குள் அந்தப் பெண் முகத்தை ஒரு தடவை பார்த்தால் போதும், நான் பாஸாகிவிடுவேன்.